இல்லத்தூய்மையும் திருத்தொண்டும்

தூய்மையானது அகத்தூய்மை, புறத்தூய்மை என இருவகைப்படும். காமம் வெகுளி முதலிய குற்றங்களினின்று உள்ளம் நீங்கி நிற்றல் அகத்தூய்மை. உடம்பும் உடையும் உறையுளும் அழுக்கினின்று நீங்கி நிற்றல் புறத்தூய்மை. திருவள்ளுவ நாயனார் வாய்மை என்னும் அதிகாரத்திலே, புறத்துக்கு நீரையும் அகத்துக்கு வாய்மையையும் கருவியாகக் காட்டினார். உடம்பின் தூய்மையைக் குறித்தும், திருக்கோயிலின் தூய்மையைக் குறித்தும் நம்மவர் பலகாலும் பேசியும் எழுதியும் வருகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் இல்லத்தின் தூய்மையைக் குறித்து ஆராய்ந்தவர் சிலரே. ஆதலின் அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இல்லத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் அறமா, அன்றி வசதியுடையார்க்கு வாய்க்கும் அழகு மாத்திரமா? அறமே எனின், அஃது எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும். கிணறும் முற்றமும் பல அறைகளும் உடையானுக்கும், ஒரே அறையிலே அறுவரோடு வாழ்பவனுக்கும் அவ்வறம் ஒரு தன்மைத்தாக விதிக்கப்படுமோ? அழகு மாத்திரமே எனின், அழுக்குடையுடன் வந்த மாணாக்கனை ஆசிரியன் கண்டிப்பதற்கு நியாயம் யாது? இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே, நாம் செய்த பிழையொன்றிலிருந்து தோன்றியது. அதனை மறையாது கூறுதல் முறையாம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்திலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வந்தோம். அஃது ஆனி மாதம். தென்மேற்குப் பருவமழை மலைகளை விடாது நனைத்துக்கொண்டிருந்த காலம். ஒருநாட் காலையிலே சிறுமியொருத்தி ஈரம் உலராத சீருடையோடு வந்தாள். அவ்வுடையிலே புகைநாற்றம் மிகுந்திருந்தது. கொப்பியிலே மண்ணெண்ணெய் படிந்திருந்தது. நாம் அவளை வகுப்பின் முன்னே நிறுத்தி, சுத்தத்தின் பெருமையைக் குறித்து நெடுநேரம் எடுத்துரைத்தோம். சைவப்பிள்ளைக்கு இது தகுமோ என்றும் கேட்டோம். அவள் மறுமொழி கூறாது நிலத்தை நோக்கி நின்றாள். மற்றைப் பிள்ளைகள் சிரித்தனர். நாம் நம் கடமையை நன்றாகச் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அன்று மாலை அவள்தன் பெற்றோரையும் கண்டு அறிவுரை கூறுவோம் என்னுங் கருத்தோடு அவர்கள் லயத்துக்குச் சென்றோம். வரிசையாகக் கட்டப்பட்ட காம்பராக்களுள் ஒன்று அவர்களுடையது. அது 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ளது. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் ஒரு புறத்தை மறைத்து அடுப்பு வைத்திருந்தனர். அடுப்புப்புகை வெளியேற வழியில்லை. பெற்றோர் இருவர், பிள்ளைகள் மூவர், முதிய பாட்டி ஒருவர் ஆக அறுவர் அங்கே உண்டு உறங்கிப் படித்து நோயுற்றுத் தேறி வாழ்ந்தனர். கட்டிலின் கீழே விறகு. கட்டிலின் மேலே மடித்த கம்பளிகள். சுவரோரமாக உரச்சாக்குகள், கொழுந்துக்கூடைகள், நீர்க் கலன்கள். மூலையிலே ஒரு தகரப்பெட்டி. அதன்மேல் முருகப்பெருமானின் படமும் ஒரு விளக்கும். விளக்கும் படமும் மாசின்றித் துலங்கின. மண்தரை மெழுகப்பட்டிருந்தது.

அச்சிறுமியின் தாய், மலையிலே கொழுந்தெடுத்து, மடுவத்திலே நிறுத்துக் கொடுத்துவிட்டு, அப்பொழுதுதான் நனைந்தபடி வந்து சேர்ந்தார். நாம் சொல்லவந்ததைச் சொல்லத் தொடங்குமுன்னரே அவர், “ஐயா, பிள்ளைக்கு இருப்பது ஒரே சட்டை. நேற்றிரவு பீலியிலே அலசினேன். மழை விடவில்லை. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தேன். அழுக்குப் போயிற்று, புகைதான் போகவில்லை” என்றார்.

நாம் வாய்பேசாது திரும்பினோம். நாம் அழுக்கென்று கண்டித்தது அழுக்கன்று. நாள் முழுதும் மழையிலே நின்று உழைத்த ஒரு தாய், உறக்கத்தை விட்டுத் தன் பிள்ளையின் உடையைத் தூய்மை செய்ததற்கு அடையாளமே அப்புகைநாற்றம்.

வழியிலே நமது நினைவுக்கு வந்தவர் திருக்குறிப்புத்தொண்ட நாயனார். அவர் காஞ்சிமாநகரிலே ஏகாலியர் குலத்திலே தோன்றி, அடியவர்களின் குறிப்பறிந்து அவர்களுடைய ஆடையை ஒலித்துக் கொடுக்குந் தொண்டினை மேற்கொண்டவர். குளிர் மிகுந்த காலத்திலே இறைவர் மெலிந்த ஓர் ஏழையடியவராய், அழுக்கேறிய ஒரு கந்தையை உடுத்து அவர்முன் வந்தருளினார். குளிருக்கு அஞ்சி அதனை விடமாட்டாமையையும், சூரியன் மறையுமுன் உலர்த்தித் தருவதாயின் தருவதையும் கூறினார். நாயனார் இசைந்து வாங்கி ஒலித்தார். மழை பொழியத் தொடங்கிற்று; நிற்கவில்லை. அடியவர் குளிரால் வருந்துவாரே என்று ஆற்றாராகி, நாயனார் ஆடை ஒலிக்கும் கல்லிலே தம் தலையை மோதப் புகுந்தார். இறைவர் திருக்கரம் தோன்றித் தடுத்தது என்று சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்தார்.

இவ்வரலாற்றை நாம் மாணாக்கர்க்குப் பலமுறை கற்பித்துள்ளோம். ஆயினும் அதில் உள்ள ஒன்றை அன்றுவரை கவனித்திலோம். அழுக்குக் கந்தையோடு வந்தவரை நாயனார் கண்டித்தாரில்லை. காரணம் வினாவி நிறுத்தினாருமில்லை. கந்தையைத் தம் கையில் வாங்கினார். மழையால் உடை உலராதபோது, உடுத்தவர்மேற் குற்றங் காணாது தம்மையே நொந்தார். மழையும், ஒரே ஆடையும், உலராத துன்பமும் மலைநாட்டுத் தாய்மார் நன்கறிந்தவை. அவர்கள் நிற்கும் இடம் நாயனார் நின்ற இடம். நாமோ அங்கே நில்லாது, கண்டிப்பவர் இடத்தே நின்றோம்.

இனி, அவ்வில்லம் அவ்வாறு அமைந்தமைக்குக் காரணம் யாது எனின், கூறுதும். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தினின்று தொழிலாளர் வருவிக்கப்பட்டபோது, அவர்கள் தங்குதற்கு லயங்கள் கட்டப்பட்டன. அவை குடும்பங்கள் தலைமுறைதோறும் வாழ்தற்கென்று எண்ணிக் கட்டப்பட்டவையல்ல. வேலையாட்களை ஒருங்கே வைத்தற்கென்று கட்டப்பட்டவை. 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டு முதலாக இலைநோய் பரவிக் கோப்பியை அழித்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அங்கு வாழ்ந்தோருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992ஆம் ஆண்டிலே அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயத்திலிருந்தவர் லயத்திலேயே இருந்தனர். அண்மைக் காலத்திலே 7 பேர்ச் நிலத்திலே 550 சதுர அடித் தனிவீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவை நற்பணியே, ஆயினும் பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. தமக்கு உரிமையில்லாத சுவரிலே ஒரு சாளரம் திறத்தற்கும் பிறர் அனுமதியை வேண்டுபவரிடத்து, ‘உன் வீட்டிலே ஏன் காற்றில்லை?’ என வினாவுதல் எவ்வாறு நீதியாகும்?

அறிவுரை மாத்திரம் தூய்மையைத் தாராது என்பதற்குத் தோட்டங்களின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்க தேசத்து றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு நோயை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினர். அப்புழு, மலத்தால் மாசுற்ற மண்ணிலிருந்து, செருப்பணியாத பாதத்தின் வழியே உடம்பினுட் புகுவது. புகுந்து இரத்தத்தைக் குடித்து மனிதரை மெலிவிப்பது. மருந்து கொடுக்கப்பட்டது; போதனையும் செய்யப்பட்டது. ஆயினும் மலகூடம் இல்லாத லயங்களிலே மருந்துண்டு தேறியவரே மீண்டும் நோயுற்றனர். மண் தூய்மையுறாதபோது மருந்து என்செய்யும்? மலகூடம் கட்டாதவர்மேல் இருந்த குற்றம், கட்டமாட்டாதவர்மேல் ‘சுத்தமறியாத சனங்கள்’ என்னும் பழியாக ஏறிற்று. அப்பழிச்சொல்லை நாமும் நம்மையறியாமல் வழங்கி வருகின்றோம்.

அற்றேல், வறியார்க்கு இல்லத்தூய்மை என்னும் அறமே இல்லையென்பது போதருமே எனின், அற்றன்று. தம் கையில் இல்லாததற்கு ஒருவரைக் குற்றங் கூறலாகாது என்றோமேயன்றி, தம் கையில் உள்ளதையும் விடலாம் என்றோமில்லை. அறையின் அகலமும், நீர் வரும் பீலியும், புகைபோக்கியும், மலகூடமும் தொழிலாளர் கையில் இல்லை. துடைப்பம் அவர் கையில் உண்டு. உண்ட கலத்தை உடனே கழுவுதல், நீர்க்கலத்தை மூடிவைத்தல், கம்பளியை வெயில் கண்டபொழுதெல்லாம் விரித்தல், குப்பையைக் கானிலே எறியாதிருத்தல், பிளாஸ்டிக் பைகளை அடுப்பிலே எரியாதிருத்தல் என்பன அவர் கையில் உள்ளன. பிளாஸ்டிக்கை எரிப்பதால் எழும் புகை நஞ்சு. விறகின் புகையோ குழந்தைகளின் நுரையீரலை நாடோறும் நலிவது. இவற்றை அறிந்து தடுத்தல் அறமேயாம். மண்தரையை மெழுகி, விளக்கைத் துலக்கி வைத்த அத்தாய் இவ்வறத்தை நம்மிடம் கற்றவரல்லர், நமக்குக் கற்பித்தவர்.

இனி, இல்லத்திலே பொருள்கள் மிகுந்து நெருங்குதலைக் குறித்துச் சில கூறுதும். அழுக்கினை அழுக்கென்று எவரும் அறிவர். வேண்டாப்பொருளோ பொருளெனத் தோன்றி நிற்றலின் எளிதில் அறியப்படாது. கைப்பிடி முறிந்த குடை, அடி ஓட்டையான வாளி, நின்றுபோன கடிகாரம், எவர்க்கும் அளவாகாத சட்டை என்பன இல்லந்தோறும் இடங்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று பற்று, மற்றொன்று அச்சம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அலுமாரிகளை நிறைத்து வைத்திருப்பாரிடத்துப் பெரும்பாலும் உள்ளது பற்று. லயத்திலே பழஞ்சாக்கை மடித்து வைத்திருப்பாரிடத்து உள்ளது அச்சம். நாளை மழையிலே இடுப்பிற் கட்ட வேறு சாக்குக் கிடையாதே என்னும் அச்சம் அது. பற்றினைக் கண்டிக்கலாம், அச்சத்தைக் கண்டித்தல் கூடாது, போக்குதல் வேண்டும். இவ்விரண்டையும் பகுத்தறியாது, ‘வேண்டாதவற்றை எறிந்துவிடு’ என்று எல்லார்க்கும் ஒரே உபதேசஞ் செய்தல் அறிவுடைமையாகாது.

சித்தாந்த சாத்திரம் இதற்கு நல்லதோர் ஒளி தருகின்றது. தனு கரண புவன போகங்கள் உயிரைப் பற்றிய ஆணவமலத்தைப் போக்குதற்பொருட்டு இறைவனால் மாயையினின்று தோற்றுவித்துத் தரப்பட்டன என்பது நம் கொள்கை. ஆடையின் அழுக்கைப் போக்க ஏகாலி உவர்மண்ணை இடுதல் போலும் அது. உவர்மண்ணும் ஒருவகை அழுக்கே. ஆயினும் அழுக்கைக் கொண்டு அழுக்கைக் கழுவுகின்றான். கழுவியபின் அம்மண்ணையும் நீரில் அலசி விடுகின்றான். அலசாது விடின், துணி முன்னையினும் அழுக்குடையதாகும். இல்லத்துப் பொருள்களும் இத்தன்மையனவே. அவை வாழ்வுக்குத் துணையாக வந்தவை. துணையாந்துணையும் வைத்தல் தகும். துணையொழிந்தபின் வேறொருவர்க்குத் துணையாமாறு கொடுத்தல் தகும். நமக்குச் சிறிதாய்ப்போன சட்டை அடுத்த காம்பராவிலே ஒரு பிள்ளைக்கு இரண்டாஞ் சட்டையாகும். அவ்வாறு கொடுப்பதால் நம் இல்லம் விசாலிக்கும். அவ்வில்லத்தின் அச்சமும் குறையும். வேண்டாப்பொருளை நீக்குதல் குப்பைமேட்டிலே முடியாது ஈகையிலே முடிதலே சைவர்க்கு ஏற்றது.

அடுத்து, இத்தொண்டு யாருடையது என்பது ஆராயற்பாலது. தோட்டங்களிலே கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இருள் புலராமுன் எழுந்து, சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டு மலைக்குச் சென்று, மாலையிலே மீண்டு, பின்னும் நீர்சுமந்து, சமைத்து, துவைத்து, கூட்டி உறங்குகின்றனர். இல்லம் தூய்மையாயின் அதன் பெருமை குடும்பத்துக்கு. தூய்மையற்றதாயின் பழி அவளுக்கு. இஃது என்ன நீதி! திலகவதியார் திருவதிகை வீரட்டானத்திலே புலருமுன் எழுந்து திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டார். அவர்தம் தம்பியாராகிய திருநாவுக்கரசு நாயனார், கூட்டுதலும் மெழுகுதலும் தமக்கையாருடைய தொழிலென்று இருந்தாரில்லை. தாமே உழவாரத்தைக் கையிலேந்தித் தலங்கள்தோறும் புல்லும் முள்ளும் களைந்தார். சரியைநெறிக்குத் தலைவராக நாம் போற்றும் அப்பெரியார் ஆண்மகன் அல்லரோ? அப்படியாயின், கையில் உழவாரம் பொறித்த அவர் திருவுருவத்தை வணங்கிவிட்டு, வீட்டிலே துடைப்பத்தைத் தொடுதல் ஆண்மைக்கு இழுக்கென்று இருக்கும் சைவன் எதனை வணங்கினான்?

இன்னும் ஒன்று கூறாதொழிதல் ஆகாது. லயத்து வாசலையும் கானையும் மலகூடத்தையும் கூட்டிக் கழுவுதற்கு ‘வாசல்கூட்டி’ என ஒருவரைத் தோட்டத்தார் வைத்தனர். அவர் வந்து கூட்டியமையால் ஏனையோர் நோயின்றி வாழ்ந்தனர். ஆயினும் அவரையே தீண்டத்தகாதவராக எண்ணி, அவர்க்கு வேறு கலத்திலே நீர் கொடுத்தவரும் நம்மிடையே இருந்தனர். அழுக்கு பொருளிலே உள்ளது, நீரால் நீங்குவது. தீட்டு என்று மனிதர்மேல் ஏற்றப்படுவதோ ஏற்றுபவன் மனத்திலே உள்ளது, எந்நீராலும் நீங்காதது. ஆசாரம் என்னும் சொல் முன்னையதை நீக்கும் முயற்சியைக் குறித்தல் வேண்டும். பின்னையதை வளர்க்கும் முயற்சியைக் குறித்தல் ஆகாது. அழுக்கை நீக்குபவர் அழுக்குடையர் என்னும் மயக்கம் ஒழியுமளவும், நம்மவர் எத்துணை முறை நீராடினும் தூய்மையடைந்தவராகார்.

அகத்தூய்மையே அமையும், பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டினாரன்றோ எனச் சிலர் சாதிப்பர். பூசலார் முதலிலே புறத்தே கோயிலெடுக்க விரும்பிப் பொருள் தேடினார். எங்கும் பெறாமையாலேயே மனத்தில் எடுத்தார். கல் இல்லாதபோது மனக்கோயில் எடுத்தல் அன்பு. துடைப்பம் கையிலிருப்ப மனத்தைக் கூட்டுகின்றேன் என்றல் சோம்பல்.

ஆகவே முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். இல்லத்தூய்மை அழகு மாத்திரமன்று; அறமே. ஆயினும் அது பிறரை அளக்கும் கோலாக விதிக்கப்பட்ட அறமன்று. பிறர்க்குச் செய்யும் தொண்டாக விதிக்கப்பட்ட அறம். கோலாகக் கொண்டவன் அழுக்கைக் கண்டவுடன் விலகுவான். தொண்டாகக் கொண்டவன் அழுக்கைக் கண்டவுடன் அணுகுவான். இருவரும் தூய்மையை விரும்புபவரே. ஒருவனால் அழுக்குப் பெருகும், மற்றவனால் நீங்கும்.

சைவ ஆசிரியர்களே, இவ்வறத்தை நாம் நடத்திக் காட்டற்குரிய வழிகள் அரியனவல்ல. மாணாக்கரின் நகத்தையும் உடையையும் வகுப்பின் முன்னே சோதித்து நாணச் செய்யாதிருப்போம். குறை காணின் தனியே அழைத்துக் காரணம் வினாவுவோம். பாடசாலையிலே சவர்க்காரமும் நீரும், இயலுமாயின் மாற்றுச் சீருடை இரண்டொன்றும் வைத்திருப்போம். வகுப்பறையைக் கூட்டுமுறை வகுக்கும்போது பெண்பிள்ளைகளுக்குத் துடைப்பத்தையும் ஆண்பிள்ளைகளுக்கு மணியடித்தலையும் கொடாது, இருபாலார்க்கும் இரண்டையும் கொடுப்போம். முதல்நாள் நாமே கூட்டுவோம். தைப்பொங்கலுக்கு முன்னர் வீடு ஒழிக்கும் வழக்கத்தை, பயன்படும் பழம்பொருள்களை ஒருங்கு சேர்த்து வேண்டுவார்க்கு மறைவாகக் கொடுக்கும் வழக்கமாக மாற்றுவோம். நீருக்கும் மலகூடத்துக்கும் புகைபோக்கிக்கும் பெற்றோர் விண்ணப்பம் எழுதவேண்டின், எழுதத்தெரிந்த நாம் எழுதிக்கொடுப்போம். அவ்விண்ணப்பமும் ஓர் உழவாரமே.

ஆலயம் என்பதற்கு ஆன்மா லயிக்கும் இடம் எனப் பொருள் கூறுவாருண்டு. மலைநாட்டிலே மக்கள் வாழும் இடத்துக்கும் லயம் என்றே பெயர் வழங்குகின்றது. மொழியால் இவை வேறாயினும், முருகன் படத்தின் முன்னே மாசற்ற ஒரு விளக்கை ஏற்றி வைத்த அந்தக் காம்பராவை வேறென்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

மறுநாள் வகுப்பிலே எல்லாரும் கேட்ப, ‘நேற்று நாம் பிழைசெய்தோம்’ என்று அச்சிறுமியிடம் கூறியிருத்தல் வேண்டும். கூறினோமில்லை. ஆசிரியர் என்னும் தருக்கு நாவைத் தடுத்தது. உடையிலே பட்ட புகை சில நாளிலே போயிருக்கும். நம் நாவைத் தடுத்த அவ்வழுக்குப் போகப் பல ஆண்டுகள் சென்றன. இதனை வாசிக்கும் ஆசிரியர் ஒருவரேனும், நாளைக் காலையிலே ஈரச் சட்டையோடு வரும் ஒரு பிள்ளையை அடுப்பருகே அழைத்து உலர்த்துவாராயின், நாம் அன்று கூறாதுவிட்ட சொல் கூறப்பட்டதாகும்.

திருச்சிற்றம்பலம்.